ஜேபிஎன் குடியுரிமைப் பிரிவு: முகப்பு பரவாயில்லை, எந்தக் கதவு என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்

மைகார்ட் எனப்படும் அடையாள அட்டையை மாற்றவோ, தொலைந்துபோன பிறப்புப் பத்திரத்துக்கு நகல் எடுக்கவோ ஜேபிஎன்னுக்குப் போகிறவர்களுக்கு இந்த மதிப்பீடு தேவைப்படாது. அந்த வேலைகளில் ஜேபிஎன் என்கிற மலேசியத் தேசியப் பதிவிலாகாவைக் குறை சொல்வது கஷ்டம். காலையில் நம்பர் எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே காரியம் முடிந்துவிடும். இங்கே எடைபோடுவது அதே கூரையின் கீழ் நடக்கும் இன்னொரு சேவையை. சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் பாட்டி, பச்சை ஐசியைப் புதுப்பித்துப் புதுப்பித்தே வயதாகிவிட்ட ஆள், பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்று அச்சாகியிருக்கும் பிள்ளை, பத்திரமே இல்லாதவர் என்று இத்தனை பேரும் குடிமகனுக்கான நீல ஐசிக்காக ஏறி இறங்கும் குடியுரிமைப் பிரிவு அது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முகப்புக்கு ஐந்துக்கு நான்கு. முடிவு வரும் விதத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை. முகப்பில் இருப்பவர் பாரத்தை வாங்குவார், இணைப்புகளைச் சரிபார்ப்பார், எது குறைகிறது என்று சொல்வார். ஆனால் 'உங்களுக்கு இந்த விதி பொருந்தாது, வேறொரு விதியில் உரிமையே இருக்கிறது' என்று எடுத்துச் சொல்வது அவர் வேலையாக வைக்கப்படவில்லை. கேட்ட பாரம் கிடைக்கும். தவறான பாரத்தில் காத்துக் கிடந்த வருடங்களை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இந்தச் சேவையில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கிறது.

கூட்டரசு அரசியலமைப்பின் மூன்றாம் பாகம், 14 முதல் 31 வரையிலான விதிகள், இதற்கான சட்டம். அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 14ஆம் விதி: இன்ன தேதியில், இன்ன பெற்றோருக்கு, இன்ன இடத்தில் பிறந்தால் சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே குடிமகன். யாரும் கொடுக்க வேண்டியதில்லை, காகிதத்தில் ஏற்றுக்கொண்டால் போதும். இன்னொன்று, 15, 15ஏ, 16, 19 ஆகிய விதிகள்: நீங்கள் மனு கொடுப்பீர்கள், கூட்டரசு அரசாங்கம் முடிவெடுக்கும். முன்னது உரிமை. பின்னதில் பெரும்பகுதி அரசாங்கத்தின் விருப்பம். இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பாகத்தில் 2ஆம் பிரிவு ஒரே வரியில் முடிகிறது: குடியுரிமை பற்றிய அரசாங்கத்தின் முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யவோ மறுஆய்வுக்குக் கொண்டுபோகவோ முடியாது. நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் எழுதப்படாமல் வருவதற்குப் பின்னால் நிற்பது இதுதான். 14ஆம் விதியின் கீழ் 'நான் சட்டப்படி குடிமகன்' என்று வாதாடும் வழக்குகளை நீதிமன்றங்கள் எடுத்து விசாரித்திருக்கின்றன.

ஆகவே முதல் வழியில் தகுதி உள்ளவர் இரண்டாம் வழியில் மனுப் போடக்கூடாது. 'நான் குடிமகன் அல்ல, தயவுசெய்து தாருங்கள்' என்று தானே எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் தோட்டப்புறங்களில் ஏராளம்.

போவதற்கு முன் கையில் இருப்பதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஐசியின் நிறம் எல்லாருக்கும் தெரியும்: நீலம் குடிமகன், சிவப்பு நிரந்தரவாசி (மைபிஆர்), பச்சை தற்காலிகவாசி (மைகாஸ்). பலர் பார்க்காதது எண். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 01 ஜொகூர், 02 கெடா, 05 நெகிரி செம்பிலான், 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர் என்று போகும். 82 என்றால் எந்த மாநிலம் என்று தெரியவில்லை என்று பொருள். சிவப்பு ஐசி வைத்திருக்கும் ஒரு பாட்டியின் எண்ணில் நடுவில் 08 இருந்தால், அவர் பேராக்கில் பிறந்ததாக இலாகாவின் பதிவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அது மட்டும் ஆதாரமாகிவிடாது, ஆனால் 'நீங்கள் இந்தியாவில் பிறந்தவர்தானே' என்ற கேள்விக்கு நல்ல பதில். 82 இருந்தால் பிறந்த இடத்துக்கான ஆதாரத்தைத் தேடுவதே முதல் வேலை.

பிறப்புப் பத்திரத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பிள்ளையின் குடியுரிமைத் தகுதி என்ற வரி. இரண்டு, தாய் தகப்பன் இருவரின் ஐசி எண்கள். மூன்று, குறிப்பு எழுதும் இடத்தில் 'பெர்மோஹோனான் செக்‌ஷன் 13' என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்பது. மூன்றாவதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. அந்த ஒரு வரி தெரியாமல் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதுவரை நிம்மதியாக இருந்த குடும்பங்கள் உண்டு.

முதலில் வயதானவர்கள். சிவப்பு ஐசிப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்று புரிந்தால்தான் எந்தக் கதவு என்று புரியும். ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குப் பிறப்பைப் பதிவதும் பதியாததும் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) கையில் இருந்தது. பிரசவம் லயத்து வீட்டிலேயே நடந்திருக்கும். காகிதம் ஏன் தேவை என்பதை 1957இல் யாரும் வந்து விளக்கவில்லை. தேவை என்று உறைத்தது 1969க்குப் பிறகு. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பெர்மிட் கிடைக்காமல் சுமார் 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறியதாகக் கணக்கு. போகாமல் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் சிவப்பு ஐசியோடு தங்கிவிட்டார்கள். சட்டத்தில் இனம் என்ற சொல்லே இந்த இடத்தில் இல்லை. ஆனால் அடி விழுந்தது பெரும்பாலும் ஒரே இனத்தின் மேல்.

அவர்களுக்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதைப் பிறந்த இடமும் தேதியும் தீர்மானிக்கும்.

1957 ஆகஸ்ட் 31க்கு முன் மலாயாவில் பிறந்தவர் என்றால் 16ஆம் விதி. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், மனுக் கொடுப்பதற்கு முந்திய ஏழு வருடத்தில் கூட்டிப் பார்த்தால் ஐந்து வருடமாவது நாட்டில் இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் வேண்டும், மலாய் மொழியில் அடிப்படை அறிவு வேண்டும்.

1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் கடைசிவரை மலாயாவில் பிறந்தவர் என்றால் அவர் மனுவே போட வேண்டியதில்லை. இரண்டாம் அட்டவணையின் முதல் பாகம் சொல்வது: மெர்டேக்கா (சுதந்திர) நாளிலோ அதற்குப் பிறகோ, 1962 அக்டோபருக்கு முன் கூட்டரசில் பிறந்த ஒவ்வொருவரும் குடிமகன். தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. இந்த ஐந்து வருடச் சன்னல் ஓர் அதிர்ஷ்டச் சன்னல். அதற்குள் பிறந்தும் சிவப்பு ஐசியோடு இருப்பவர் 30ஆம் விதியைக் கேட்க வேண்டும். குடியுரிமையில் சந்தேகம் இருந்தால் அரசாங்கம் சான்றிதழ் கொடுத்து உறுதிப்படுத்தலாம் என்பது அந்த விதி. பிறந்த இடமும் தேதியும் நிரூபணமானால் போதும், மொழித் தேர்வு இதற்குள் வராது.

இந்தியாவில் பிறந்து சிறு வயதிலேயே வந்தவர் என்றால் 19ஆம் விதி. இருபத்தோரு வயது, முந்திய பன்னிரண்டு வருடத்தில் கூட்டிப் பத்து வருடம் வாசம், அதிலும் கடைசிப் பன்னிரண்டு மாதம் நாட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். மலாயில் 'போதுமான' அறிவு வேண்டும். 16ஆம் விதி கேட்கும் அடிப்படை அறிவும் இதுவும் ஒன்றல்ல. தோட்டத்து வாழ்க்கைக்குப் பாசார் மலாய் (கடைத்தெரு மலாய்) போதுமானதாக இருந்தது, சீனக் கடைக்காரரிடமும் மலாய்ப் பக்கத்து வீட்டிலும் சரளமாகப் பேசுவார்கள். நேர்காணல் அறையில் முறையான மலாயில் கேள்வி வந்ததும் வாய் அடைத்துவிடும். மலாயாவில் பிறந்த எழுபது வயதுக்காரருக்கு 19ஆம் விதிப் பாரத்தை நிரப்பிக் கொடுத்து, தேவையில்லாத கடினமான மொழித் தேர்வில் தோற்க வைப்பது மனு நிரப்பித் தருகிறவர்கள் செய்யும் முதல் தவறு.

பிரச்சினை அரசாங்கத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2011இல் காகிதமில்லாத இந்தியர்களைப் பதியும் மைடஃப்தார் இயக்கம், 2017இல் மெகா மைடஃப்தார், 2018 ஜூலையில் 60 வயதைக் கடந்த சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தர அமைச்சரவை ஒப்புக்கொண்டதாகப் பிரதமர் மகாதீரின் அறிவிப்பு. இயக்கம் நடக்கும்போது மனு வாங்குவது சுலபமாகிறது. பிறகு மறுபடியும் சாதாரண வரிசை. நடமாடும் சேவையான மேகார் குழுவினர் படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கே போய் வேலை முடித்துத் தருகிறார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள், நல்ல சேவை.

இனி பிள்ளைகள். இன்றைக்குப் புதிதாகக் குடியுரிமை இல்லாதவர்கள் உருவாகும் இடம் இதுதான், தாத்தா பாட்டி காலத்துத் தோட்டம் அல்ல.

1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டச் சீர்திருத்தச் சட்டம், அதாவது 164ஆம் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் கல்யாணத்தை அதன்படி பதிந்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, நானூறு பேருக்குப் பந்தி போட்டு, படமும் எடுத்தாகிவிட்டது, பதிவு மட்டும் 'பிறகு பார்த்துக்கலாம்'. இருவரும் நீல ஐசி என்றால் இதனால் பிள்ளையின் குடியுரிமைக்கு ஆபத்து இல்லை. தகப்பன் நீல ஐசி, தாய் வெளிநாட்டுக்காரர் அல்லது காகிதமே இல்லாதவர் என்றால் கதை மாறுகிறது. இரண்டாம் அட்டவணை மூன்றாம் பாகத்தின் 17ஆம் பிரிவுப்படி, பதிவு மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குச் சட்டம் 'தகப்பன்' என்று சொல்லும் இடமெல்லாம் தாயையே குறிக்கும். தகப்பனின் நீல ஐசி அங்கே காற்றில் போய்விடுகிறது. பிள்ளைக்குத் தாயின் தகுதிதான்.

மேலே சொன்ன 'செக்‌ஷன் 13' குறிப்பு இதன் அடையாளம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மணப் பதிவு இல்லாத நிலையில் தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் தகப்பன் பெயரைப் பத்திரத்தில் ஏற்றலாம். பெயர் ஏறும், குடியுரிமை ஏறாது. 'அப்பா பேரு இருக்கே, பிறகு ஏன் புக்கான் வார்கநெகாரா?' என்று முகப்பில் சண்டை போடுகிறவர்களுக்கு இதுவே பதில். முகப்பு அதிகாரி சட்டத்தைத்தான் படித்துச் சொல்கிறார்.

பிள்ளை பிறந்த பிறகு கல்யாணத்தைப் பதிந்தால்? 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளை முறையான பிள்ளையாகிவிடும், சொத்து போன்றவற்றுக்கு அது உதவும். குடியுரிமைக்கு உதவாது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது, பிறந்த நேரத்தில் பெற்றோர் சட்டப்படி மணமானவர்களா என்பதையே பார்க்க வேண்டும் என்று. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பது ஆறுதல், ஆனால் முகப்பில் பெரும்பான்மைத் தீர்ப்புதான் செல்லும்.

திருப்பிப் போட்டால் நிலைமை வேறு. தாய் நீல ஐசி, தகப்பன் வெளிநாட்டுக்காரர், பதிவு இல்லை, பிள்ளை மலேசியாவில் பிறந்தது: பிள்ளை குடிமகன். தாய் சிவப்பு ஐசி, தகப்பன் யாராக இருந்தாலும், பிள்ளை உள்நாட்டில் பிறந்தது: அட்டவணையின் இரண்டாம் பாகம் 1(ஏ) பிரிவு பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும் என்றிருந்ததால், அந்த ஏற்பாட்டின் கீழ் பிறந்தவர் குடிமகன். பாட்டியின் சிவப்பு ஐசி எப்போது கொடுக்கப்பட்டது என்பதற்கு இங்கே மதிப்பு கூடுகிறது. அம்மா 1975இல் பிறந்தவர், பாட்டிக்கு அதற்கு முன்பே சிவப்பு ஐசி இருந்தது என்று காட்ட முடிந்தால் அம்மா சட்டப்படி குடிமகள், அம்மா வழியில் பிள்ளையும் குடிமகன். பாட்டியின் ஐசி வரலாற்றுக்கான பதிவு நகலை இலாகாவிடமே எழுதிக் கேட்க வேண்டும். மூன்று தலைமுறையாகக் காகிதம் இல்லாத குடும்பத்தில் பேரனுக்கு முதலில் மனுப் போடாதீர்கள். மேலிருந்து ஆரம்பியுங்கள். பாட்டியின் தகுதி தெளிவானால் கீழே இரண்டு கோப்புகள் தானாக லேசாகும்.

பெற்றோர் 1982 மார்ச்சுக்கு முன் மணமானவர்கள் என்றால் இன்னொரு பிடி உண்டு. 164ஆம் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அதற்கு முன் மத முறைப்படியோ வழக்கப்படியோ செல்லுபடியாக நடந்த கல்யாணங்களைப் பதிந்தவையாகவே கருதச் சொல்கிறது. சான்றிதழ் இருக்காது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கடிதம், தாலி கட்டும் படம், கல்யாணத்தில் இருந்த இரண்டு பெரியவர்களின் சத்தியப் பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். வாக்குமூலத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு, மலாயில் வைத்துக்கொள்வது நல்லது.

'ஏன் பதியாமல் விட்டார்கள்' என்று கேட்பது சுலபம். தொழிலாளர் பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுப் பெண் இங்கே கல்யாணம் செய்துகொள்ளவே அந்தப் பெர்மிட்டின் நிபந்தனை இடம் தராது. வேறு பாஸில் வந்தவர் என்றால் தூதரகத்திலிருந்து மணமாகாதவர் என்ற கடிதம் வாங்கி, சான்றொப்பம் வாங்கி, அறிவிப்புக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்த 21 நாளையும் பேறுகாலத் தேதியையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். பிரசவத்துக்கு முந்தின நாள் பதிந்தாலும் பிள்ளை தகப்பன் வழியில் குடிமகன். மறுநாள் என்றால் 15ஏ விதிக்குப் பின்னால் பல வருடம் ஓட வேண்டும். சில கோயில்களிலும் சங்கங்களிலும் துணைப் பதிவதிகாரிகள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள், அங்கே தாலியும் பதிவும் ஒரே நாளில் முடியும். நாள் குறிப்பதற்கு முன் கோயில் அலுவலகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.

பிறப்புப் பதிவையும் தள்ளிப்போடாதீர்கள். தீபகற்பத்தில் 60 நாள் அவகாசம். தாண்டினால் தாமதப் பதிவு, 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. தாமதம் ஆக ஆக விசாரணை கூடும், மருத்துவமனைக் கடிதம், தடுப்பூசி அட்டை, சில சமயம் டிஎன்ஏ பரிசோதனை வரை போகும். காகிதம் இல்லாத தாய்மார்கள் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பதியாமலே விடுவதுதான் இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணியை உருவாக்குகிறது.

15ஏ விதி: வயது வரம்புக்குள் இருப்பவரை 'சிறப்புச் சூழ்நிலை' கருதி அரசாங்கம் பதியலாம். எது சிறப்புச் சூழ்நிலை என்று எங்கும் எழுதவில்லை. தத்தெடுத்த பிள்ளைகள், செக்‌ஷன் 13 பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். தத்தெடுத்தாலே குடியுரிமை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீதிமன்ற உத்தரவோடு தத்தெடுத்தாலும் சரி, இலாகாவில் பதிந்தாலும் சரி, அது தனி, குடியுரிமை தனி. கண்டெடுக்கப்பட்ட சிசு என்றால் 15ஏக்குப் போகுமுன் இரண்டாம் அட்டவணை மூன்றாம் பாகத்தின் 19பி பிரிவைப் படியுங்கள். அநாதரவாகக் கிடந்த பச்சைக்குழந்தையை, எதிர்ச்சான்று வரும்வரை, அந்த இடத்தில் நிரந்தரமாக வாழும் தாய்க்குப் பிறந்ததாகவே கருதச் சொல்கிறது. அது முதல் வழி, அதாவது உரிமை. போலீஸ் ரிப்போர்ட், எங்கே எப்போது கண்டெடுத்தார்கள் என்ற மருத்துவமனைப் பதிவு இரண்டும் இல்லாமல் அந்த வாதம் நிற்காது.

அட்டவணையின் இரண்டாம் பாகத்தில் 1(இ) பிரிவு இன்னொன்று: உள்நாட்டில் பிறந்து, வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் பிறப்பால் இல்லாதவர் குடிமகன். கேட்க இனிக்கும். இல்லை என்பதை நிரூபிக்கும் பாரம் மனுதாரர் தலையில். தாய் இந்தோனேசியக்காரர் என்றால் அந்த நாட்டுச் சட்டமே தாய் வழியில் பிள்ளைக்குக் குடியுரிமை தருவதால் இந்தக் கதவு அநேகமாக மூடியது. பிறந்த ஒரு வருடத்துக்குள் வேறு குடியுரிமை வந்தாலும் பிறப்பிலேயே இருந்ததாகக் கணக்கு.

வெளிநாட்டு மனைவிக்கு 15(1) விதி. கணவர் குடிமகன், மணம் நிலைத்திருக்க வேண்டும், மனுவுக்கு முந்திய இரண்டு வருடம் இங்கே வாசம், நன்னடத்தை. கல்யாணம் பதிவானதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டுக் கணவருக்கு இப்படி ஒரு விதியே கிடையாது, அவர் 19ஆம் விதியில் நிற்க வேண்டும். 1957இன் பழைய ஏற்பாடு இன்னும் மாற்றப்படவில்லை.

பெயர்ச் சிக்கலைச் சொல்லாமல் தமிழர்களுக்கான மதிப்பீடு முடியாது. லெட்சுமி என்ற ஒரே பெயரை ஒரு கிராணி ஒருவிதமாகவும், ஆஸ்பத்திரி எழுத்தர் வேறுவிதமாகவும், பள்ளிக்கூடம் மூன்றாவது விதமாகவும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பிள்ளையின் பத்திரத்தில் தாய் பெயர் ஒருவிதம், தாயின் ஐசியில் வேறுவிதம் என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) இருக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தகப்பன் பெயருக்குப் பதில் தாத்தா பெயர் ஏறியிருப்பதும், இரண்டாம் கணவர் பெயர் ஏறியிருப்பதும் சகஜம். 'இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்' என்ற வாக்குமூலத்தை முதல் நாளே கோப்பில் வைத்துவிடுங்கள். திருப்பி அனுப்பிய பிறகு வைப்பதில் குறைந்தது ஒரு சுற்று வீண்.

கெத்துருனான், அதாவது வம்சாவளி என்ற கட்டத்துக்குக் குடியுரிமைச் சட்டத்தில் வேலை இல்லை. இந்தியர் என்று எழுதியதால் குடியுரிமை குறையாது, மலாய்க்காரர் என்று எழுதியதால் கூடாது. வேலை வேறு இடத்தில். 153ஆம் விதியின் சிறப்பு நிலை மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உரியது. 160(2) விதி மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கும்போது இஸ்லாம் மதம், மலாய்ப் பேச்சு, மலாய் வழக்கம் மூன்றையும் கேட்கிறது. மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். மலாக்காவின் காஜா பெராங்கில் பல நூற்றாண்டாக வாழ்கிறார்கள், வீட்டு மொழி மலாய், உடுப்பும் சமையலும் மலாய்ச் சாயல், கும்பிடுவது மாரியம்மனை. மூன்றில் ஒன்று இல்லை, ஆகவே மலாய்க்காரர் இல்லை. கலப்பு மணத்துப் பிள்ளைக்கு வழக்கமாகத் தகப்பன் இனமே ஏறும். 2020 மக்கள்தொகைக் கணக்கில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு, 'லைன்-லைன்' (மற்றவர்கள்) 0.7. அந்தக் கடைசிப் பெட்டிக்குள் போகாமல் இருக்கப் பலர் கெத்துருனானைக் கவனமாக நிரப்புகிறார்கள்.

மைகார்டின் முகத்தில் இனம் அச்சாவதில்லை. முஸ்லிம் என்றால் மதம் மட்டும் அச்சாகும். இதில் தவறு நேர்ந்து, பெயரை வைத்தோ பழைய பதிவை வைத்தோ இந்துவுக்கு இஸ்லாம் என்று ஏறிவிட்டால், அது எழுத்துப்பிழை திருத்தும் காரியமாக முடியாது, ஷரியா நீதிமன்றம் வரை இழுக்கலாம். கார்டு கையில் கிடைத்ததும் முகப்பை விட்டு நகராமல் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு, தகப்பன்மாரைப் போலவே, பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கொடுக்கும் உரிமை அதில் வந்தது. நல்ல காரியம், ரொம்பத் தாமதம். 1(இ) பிரிவையும் 19பி பிரிவையும் எடுத்துவிட முதலில் திட்டமிட்டார்கள், எதிர்ப்பு வந்ததால் கைவிட்டார்கள். ஆனால் 1(ஏ)இலிருந்து நிரந்தரவாசி என்ற சொல் வெளியேறியது, 15ஏ போன்றவற்றின் வயது வரம்பு 21லிருந்து 18 ஆனது. சிவப்பு ஐசி வம்சத்துக்கு இந்த இரண்டும் அடி. திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. ஆகவே பிள்ளை பிறந்த தேதியையும் திருத்தம் நடப்புக்கு வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு எந்த ஏற்பாடு பொருந்தும் என்று முகப்பில் எழுத்தில் கேளுங்கள்.

மனு கொடுத்த பிறகு காத்திருப்பு. ஒரு வருடத்துக்குள் முடிவு என்பது உள்துறை அமைச்சின் இலக்கு. கோப்பு நடுவில் சாகும் காரணங்கள் சில்லறையானவை: வீடு மாறி முகவரியைத் தெரிவிக்காமல் நேர்காணல் கடிதம் திரும்பிப் போவது, கைபேசி எண் மாற்றுவது, பச்சை ஐசியின் ஐந்து வருடக் கெடு முடிந்ததைக் கவனிக்காமல் விடுவது, ரசீதைத் தொலைப்பது. ரசீதில் இருக்கும் மனு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், நிலவரம் கேட்க அது இல்லாமல் முடியாது. 'உள்ளே ஆள் இருக்கு' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜென்டுகளுக்கு ஐந்துக்குப் பூஜ்யம். குடியுரிமைக்கு இலாகா எந்த ஏஜென்டையும் நியமிக்கவில்லை. போலி ஐசியோடு பிடிபட்டால் இருந்த சிவப்பும் போகும்.

நிராகரிப்பு வந்தால் அதே பாரத்தை அப்படியே மறுபடி போடுவதில் பயன் குறைவு. பழைய கோப்பில் எந்த விதி, எந்த ஆதாரம் என்று பார்த்து, விதியை மாற்ற வேண்டுமா, ஆதாரத்தைக் கூட்ட வேண்டுமா என்று தீர்மானித்த பிறகு போடுங்கள். 14ஆம் விதிக்குத் தகுதி உண்டு என்று தோன்றினால் அந்தக் கட்டத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது செலவுக்கு ஏற்ற காரியம்.

ஒப்புதல் வந்தால் விசுவாசப் பிரமாணம், சிவப்புக் கார்டை ஒப்படைப்பு, குடியுரிமைச் சான்றிதழ், பிறகு புது மைகார்டுக்கு மனு. பிள்ளைகளின் பத்திரம் அன்றோடு தானாக மாறிவிடாது. தாய்க்கு நீல ஐசி கிடைத்ததும் பிள்ளைக்கு 15(2) விதியின் கீழ் தனி மனுப் போட வேண்டும், அதுவும் வயது வரம்பு தாண்டுவதற்குள். பிள்ளைக்கு வயது நெருங்குகிறது என்றால் தாயின் முடிவுக் கடிதம் வந்த வாரத்திலேயே அந்தப் பாரத்தை வாங்கிவிடுங்கள்.